மாநில மாநாட்டுக்கு ஊர் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வூதியர் சங்கமோ, ஆசிரியர் சங்கமோ, வணிகர் சங்கமோ, தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் உள்ள எந்த அமைப்பிலும் வருஷம் தவறாமல் வரும் சண்டை ஒன்று உண்டு: அடுத்த மாநாடு எந்த ஊரில்? எங்கள் சங்கத்தின் இடத்தேர்வுக் குழுவில் நான் பல வருஷம் இருந்தேன். கிளைச் செயலாளர்கள் போனில் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் கீழே இருப்பவை. கணக்கெல்லாம் இரண்டு நாள் மாநாடு, சுமார் 600 பிரதிநிதிகள் என்ற அளவுக்குப் போட்டவை.

முதலில் எதைப் பார்ப்பது? மண்டபமா, ரயில் வசதியா, லாட்ஜா?

மூன்றும் இல்லை. ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

மண்டபத்தைக் காசு கொடுத்துப் பிடித்துவிடலாம். விடிகாலை நாலரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் பதாகையோடு நிற்க ஒருவர் வேண்டும். பந்தியில் சாம்பார் தீர்ந்தால் சமையல்காரரிடம் ஓட ஒருவர், மயங்கி விழுந்த பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒருவர், வசூலித்த பணத்தை ராத்திரியே எண்ணி எழுத ஒருவர். இவர்களை வாடகைக்கு எடுக்க முடியாது. 600 பேர் வரும் மாநாட்டுக்கு இப்படி 25, 30 பேராவது உள்ளூரிலேயே இருக்க வேண்டும்.

அழைப்புக் கடிதம் கொடுக்கும் கிளையிடம் நான் முதலில் கேட்பது ஒரு பட்டியல்: எந்த வேலைக்கு யார், அவர் போன் நம்பர் என்ன. ஒரே பெயர் மூன்று வேலைக்கு எதிரே இருந்தால் உஷாராகிவிடுவேன். ஒரு வருஷம் பிரமாதமாகப் பேசக்கூடிய ஒரு கிளைச் செயலாளரின் பேச்சில் மயங்கி அவர் ஊரைத் தேர்ந்தெடுத்தோம். போய்ப் பார்த்தால் கிளை என்பது அவரும் அவர் மைத்துனரும்தான். மாநாட்டுக்கு முந்தின நாள் நாற்காலி போட்டது மாநிலத் தலைவரும் நானும்.

எல்லாரும் திருச்சி, திருச்சி என்கிறார்களே. உண்மையிலேயே அதுதான் நல்ல ஊரா?

நடுவில் இருக்கிறது என்பது உண்மை. மாநாட்டு ஊர் என்ற பெயரும் அதற்குப் பழையது. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று தி.மு.க. தன் பிரதிநிதிகளிடம் வாக்கெடுத்தது 1956-ல் நடந்த திருச்சி மாநாட்டில்தான்.

ஆனால் நடு என்பதைக் கண்ணால் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் பிரதிநிதிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, சென்னையிலிருந்து 200 பேர், கோவை 120, மதுரை 100, நெல்லை 100, திருச்சி 80 என்று வைத்துக்கொள்வோம். சாலை தூரத்தைத் தோராயமாக எடுத்து ஆள் எண்ணிக்கையால் பெருக்கிச் சராசரி பார்த்தால், மாநாடு திருச்சியில் என்றால் ஒருவர் ஒரு வழிக்குச் சுமார் 223 கி.மீ. போகிறார். மதுரையில் என்றால் 240. கோவையில் 292. சென்னையில் 324.

திருச்சிக்கும் மதுரைக்கும் வித்தியாசம் வெறும் 17 கி.மீ.! இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய அன்று எங்கள் செயற்குழுவில் திருச்சிக்காரர்கள் முகம் போன போக்கை மறக்க முடியாது. உங்கள் கிளைகளின் எண்களைப் போட்டுப் பாருங்கள். மேற்கு மாவட்டங்களில் உறுப்பினர் அதிகமுள்ள சங்கத்துக்குச் சேலமோ கரூரோ முன்னால் வந்து நிற்கலாம்.

அப்படியானால் தூரம் குறைந்த ஊரே போதுமா?

போதாது. பிரதிநிதிகள் கணக்கிடுவது கிலோமீட்டரை அல்ல, தூக்கத்தை. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் திருச்சியில் விடியுமுன் இறங்க வேண்டும். அரைத் தூக்கம்தான். அதே ராத்திரி மதுரைக்குப் போகிறவர் இன்னும் கொஞ்சம் தூங்கி, வெளிச்சம் வரும் நேரத்தில் இறங்குகிறார். 130 கி.மீ. கூடுதலாகப் போனவர் தெளிவாக வந்து உட்கார்கிறார், கிட்டத்தில் இறங்கியவர் வரவேற்புரையிலேயே சாய்கிறார்.

அடுத்தது, இறங்கிய இடத்திலிருந்து மண்டபம் எவ்வளவு தூரம்? இதில் பழைய நினைப்பில் ஏமாறாதீர்கள். திருச்சி ஜங்ஷனுக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் நடந்தே போகலாம் என்பதுதான் திருச்சியின் பெரிய பலமாக இருந்தது. 2025-லிருந்து வெளியூர்ப் பேருந்துகளுக்கு மதுரை சாலையில் பஞ்சப்பூர் முனையம் வந்துவிட்டது. சென்னையில் தெற்கிலிருந்து வரும் அரசுப் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தார்கள். அங்கிருந்து எழும்பூர் சுமார் 30 கி.மீ. மதுரையில் கோவை, தேனிப் பேருந்துகள் ஆரப்பாளையத்திலும் மற்றவை பெரும்பாலும் மாட்டுத்தாவணியிலும் நிற்கும். ஒரு மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது காரில் போகாதீர்கள். பிரதிநிதி எப்படி வருவாரோ அப்படியே, பேருந்தில் இறங்கி, கையில் பெட்டியோடு போய்ப் பாருங்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1-லிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே தேதியும் ஊரும் குறைந்தது 75 நாளுக்கு முன் எல்லாக் கிளைக்கும் போய்ச் சேர வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஓய்வூதியர் சங்கங்களில் குமரி மாவட்டத்துக்காரர் முழுக் கட்டணம் கொடுத்து வருகிறார் என்பதை ஊர் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

ஊரை முதலில் முடிவு செய்வதா, தேதியையா?

இரண்டையும் சேர்த்துத்தான். தேதி இல்லாமல் ஊரைப் பேசுவது ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்ப்பது போல.

முகூர்த்த நாளில் நல்ல மண்டபம் எந்த ஊரிலும் கிடைக்காது. கல்யாண வீட்டார் ஒரு வருஷத்துக்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். நமக்கு மிஞ்சுவது ஆடி, புரட்டாசி, மார்கழி.

மார்கழியில் மண்டபம் காலி, ஆனால் ரயில் காலி இல்லை. ஐயப்ப பக்தர்கள், அரையாண்டு விடுமுறை, பொங்கலுக்கு முந்தின நெரிசல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். திருச்சி என்றால் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி வேறு. அந்த வாரத்தில் 300 பேருக்கு அறை கேட்டால் லாட்ஜ் மேனேஜர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். புரட்டாசியில் சனிக்கிழமை விரதக்காரர்கள் பலர். சாப்பாட்டுக் கணக்கு குழம்பும். ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டிப் போனால் டிக்கெட் கிடைக்காது.

என் ஓட்டு ஆடிக்கு. ஆடித் தள்ளுபடி மண்டபத்துக்கும் உண்டு, வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆடியிலும் ஊர் பார்த்துப் போக வேண்டும். ஆடி அமாவாசையில் ராமேஸ்வரமும், ஆடிக் கிருத்திகையில் திருத்தணியும், ஆடிப்பெருக்கில் காவிரிக்கரை ஊர்களும் நமக்கு ஆகாது.

அப்புறம் உள்ளூர்த் திருவிழாக்கள். மதுரைக்குச் சித்திரைத் திருவிழா, வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, பழனிக்குத் தைப்பூசம். திருவண்ணாமலைக்கு மாதம் ஒரு பௌர்ணமி, கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் நம் ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கும்பகோணம் கிளை 2028-க்கு அழைத்தால் தேதியைக் கூர்ந்து பாருங்கள். 2016-க்குப் பிறகு மகாமகம் வருவது அந்த வருஷம்தான்.

மழைக்காலத்தில் வைக்கலாமா?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கடலோர ஊர் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் முதல் வாரம் சென்னைக்கு மிக்ஜாம், இரண்டு வாரம் கழித்துத் தென்மாவட்டங்களுக்கு வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றே போனது. பட்ஜெட் எவ்வளவு மிச்சமானாலும் அந்த நிலையில் நம் பிரதிநிதிகளை வைத்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

மண்டபத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

மேடையைப் பார்த்து மயங்காதீர்கள். நேராக டைனிங் ஹாலுக்குப் போங்கள்.

"ஆயிரம் பேர் உட்காரலாம் சார்" என்று மேனேஜர் சொல்வது மேல் ஹாலை. கீழே பந்தியில் எத்தனை இலை போடலாம் என்று கேளுங்கள். 200 இலை என்றால் 600 பேருக்கு மூன்று பந்தி. ஒரு பந்திக்கு 40 நிமிஷம் என்று வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கே இரண்டு மணி நேரம். உங்கள் மத்தியான அமர்வு காலி. 300 இலை போடும் மண்டபம் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் எடுங்கள். அது மாநாட்டுக்கே 40 நிமிஷத்தைத் திருப்பித் தருகிறது.

அடுத்தது கழிப்பறை. எண்ணிப் பாருங்கள், உள்ளே போய்ப் பாருங்கள். பெண்கள் பக்கம் எத்தனை, முழங்கால் வலிக்காரர்களுக்கு வெஸ்டர்ன் எத்தனை, தண்ணீர் வருகிறதா. ஹால் மாடியில் என்றால் லிப்ட் ஓடுகிறதா, அதில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஊரில் லிப்ட் கதவில் ஒட்டியிருந்த "பழுது" தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. அது எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. மாநாட்டன்று எண்பது வயதுக்காரர்கள் நாற்பது படி ஏறினார்கள்.

வாடகை பேசும்போது 'ஒரு நாள்' என்றால் என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். பல மண்டபங்களில் அது முந்தின நாள் மாலை 4 மணியிலிருந்து மறுநாள் மாலை 4 வரை. நீங்கள் சனி காலை தொடங்கி ஞாயிறு மாலை 5.30-க்கு முடித்தால் வெள்ளி மாலையிலிருந்து கணக்கு ஓடி, மூன்றாம் நாள் வாடகை கேட்பார்கள். நிறைவு விழாவை ஞாயிறு 3 மணிக்கு முடித்துவிடுங்கள், அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை மிச்சம்.

வாடகைக்கு மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி., மீட்டர் பார்த்துக் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், பாத்திரம், சில இடங்களில் வெளிச் சமையல்காரரைக் கூட்டி வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் இரண்டு மண்டபங்களை ஒப்பிட முடியும். உள்ளே போனதும் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை கூடாது, கலை நிகழ்ச்சி வைப்பவர்கள் கவனிக்க.

தங்கும் அறைகள்?

விடிகாலையில் வருகிறவருக்கு மதியம் 12 மணிக்குச் செக்-இன் தரும் ஓட்டல் பயன்படாது. 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கும் லாட்ஜ்கள் உள்ள ஊரே நமக்குச் சரி. எல்லாரும் ஒரே லாட்ஜில் தங்க வேண்டியதில்லை, ஆனால் ஆறு லாட்ஜுக்கு மேல் சிதறினால் யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

சின்ன ஊரில் வைக்கலாமா? எங்கள் கிளை தாலுகா தலைநகரத்தில்தான் இருக்கிறது.

தாராளமாக. காங்கிரஸ் மகாசபையே 1936-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகாராஷ்டிரத்தில் பைஸ்பூர் என்ற கிராமத்துக்குப் போனது. கிராமத்தில் நடந்த முதல் ஆண்டு மாநாடு அதுதான். நேரு தலைமை, நந்தலால் போஸ் மூங்கிலை வைத்துப் பந்தல் அலங்காரம்.

சின்ன ஊரில் நமக்கு மரியாதை கூடுதல். பெரிய நகரத்தில் நம் மாநாடு நடந்தது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. சின்ன ஊரில் டீக்கடைக்காரர் வரை விசாரிப்பார், கடைத்தெருவில் மாநாட்டு மலருக்கு விளம்பரமும் சுலபமாகக் கிடைக்கும். காரைக்குடி போன்ற ஊர்களில் பெரிய மண்டபங்களும் நன்றாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். தடை ஒன்றுதான்: படுக்கை. ராத்திரி தங்கப் போகும் எண்ணிக்கையையும் ஊரிலுள்ள மொத்த அறைகளையும் எழுதிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள், இல்லையென்றால் ஊரை மாற்றுங்கள். பள்ளி வகுப்பறையில் பாய் போடும் யோசனை இருபது வருஷம் முன்பு சரி, இப்போது யாரும் வர மாட்டார்கள்.

ஊட்டி, கொடைக்கானல்?

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார். கோடைக் கூட்டத்தில் அறை வாடகை தாங்காது, 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆஸ்துமாக்காரர்கள் பாடு திண்டாட்டம். ராத்திரி ரயிலில் வந்து மறுபடி மலைப்பாதையில் மூன்று மணி நேரம் என்றால் பாதிப் பேர் தலைசுற்றலோடு வந்து சேர்வார்கள். செயற்குழுக் கூட்டம் என்றால் 30 பேர் போய் வாருங்கள்.

ராமேஸ்வரம், கன்னியாகுமரி மாதிரி ஊர்கள்? கூட்டம் நன்றாக வருமே.

கூட்டம் வரும், அவையில் உட்காராது. பிரதிநிதி 600 என்றால் குடும்பத்தோடு 1,100 ஆகும். சாப்பாட்டுக் கூப்பனை முன்கூட்டியே விற்காவிட்டால் பந்தியில் சண்டைதான். முதல் நாள் மத்தியான அமர்வில் மேடையில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைவிட அதிகமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்றே சொல்வேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் சங்கம் என்றால் என்னவென்று தெரியட்டுமே. தேர்தல், சட்ட விதித் திருத்தம் உள்ள வருஷத்தில் மட்டும் வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு 2022 டிசம்பர் முதல் ரயில் போகாமல் மண்டபம் ஸ்டேஷனோடு நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது.

இரண்டு கிளைகள் போட்டி போட்டால் எப்படி முடிவு செய்வது?

தலைவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. என்ன செய்தாலும் "அவர் சம்பந்தி ஊர்" என்பார்கள்.

உலக அறிவியல் புனைகதை மாநாட்டை நடத்துகிறவர்களின் முறை எனக்குப் பிடிக்கும். எந்த ஊர் என்பதை உறுப்பினர்களே இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஓட்டுப் போட வேண்டுமானால் அந்த வருஷ மாநாட்டுக்கான கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், சும்மா கை தூக்க முடியாது. வாக்குச்சீட்டில் 'மேற்கண்ட எதுவும் வேண்டாம்' என்றும் ஒரு வரி இருக்கும். ஓட்டெடுப்பு நடக்கும் மாநாட்டிலிருந்து 500 மைலுக்குள் இருக்கும் ஊர் போட்டியிடவே முடியாது. அதை அப்படியே இங்கே போட்டால் தமிழ்நாட்டில் ஒரு ஊரும் மிஞ்சாது. நாம் வேண்டுமானால் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் சங்கத்தில் நான்கு மண்டலம் என்று பிரித்து, போன முறை நடந்த மண்டலம் இந்த முறை கேட்கக் கூடாது என்று விதி போட்டோம். பாதிச் சண்டை அதிலேயே ஓய்ந்தது. மீதிக்குப் பொதுக்குழுவில் ரகசிய வாக்கெடுப்பு.

ஊர்த் தேர்வைச் சங்க அரசியலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் உடனே தடுத்துவிடுங்கள். 1907-ல் நாகபுரியில் நடக்க வேண்டிய காங்கிரஸ் மாநாட்டை மிதவாதிகள் சூரத்துக்கு மாற்றினார்கள். நடத்தும் மாகாணத்துக்காரர் தலைவராவதில்லை என்பது அன்றைய வழக்கம், சூரத் இருந்ததோ எதிர் அணித் தலைவர் திலகரின் பம்பாய் மாகாணத்தில், ஆகவே அவர் தலைவராக முடியாது. மாநாட்டில் செருப்புப் பறந்தது, கட்சி இரண்டானது.

கடைசி நேரத்தில் ஊரை மாற்ற வேண்டி வந்தால்?

அது நடக்கக் கூடியதுதான். காங்கிரஸின் முதல் மாநாடே 1885 டிசம்பரில் புனேயில் நடப்பதாக இருந்தது. அங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 72 பிரதிநிதிகள் என்பதால் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் சமாளிக்க முடிந்தது. 600 பேரை அப்படி நகர்த்த முடியாது. ஆகவே வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த ஊரிடம் "மாற்று ஊர் நீங்கள்தான்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மண்டப ரசீதில், அரசு உத்தரவாலோ வெள்ளத்தாலோ நடத்த முடியாமல் போனால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும் என்ற வரி இருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு இதைக் கேட்டால் எந்த மேனேஜரும் கோபித்துக்கொள்வதில்லை.

நஷ்டம் வந்தால் யார் தலையில்? மிச்சம் வந்தால் யாருக்கு?

ஊரை அறிவிப்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அறிவித்த பிறகு பேசினால் கசப்புதான். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: பிரதிநிதிக் கட்டணம் முழுக்க வரவேற்புக் குழுவுக்கு, மாநாட்டு மலர் விளம்பரத்தில் பாதி மாநிலத்துக்கு, மிச்சம் வந்தால் ஆளுக்குப் பாதி, துண்டு விழுந்தால் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வரம்பு வரை மாநிலம் ஏற்கும். தனி நபர் பெயரில் பணம் வாங்கவே கூடாது, கிளையின் வங்கிக் கணக்கு மட்டுமே. கணக்கு 60 நாளில் வர வேண்டும் என்று எழுதுங்கள், 90 நாளில் வரும்.

எந்தக் கிளையும் அழைக்கவில்லை என்றால்?

அப்போதுதான் திருச்சி. மாநிலக் குழுவே நேரடியாக எடுத்து, ஒரு நாள் மாநாடாகச் சுருக்கி, காலையில் வந்து ராத்திரி திரும்பும்படி நடத்திவிடலாம். அடுத்த வருஷம் அழைப்பு வராமல் இருக்காது.

அடுத்த ஊரை மாநாட்டு மேடையிலேயே அறிவிக்கலாமா?

கட்டாயம். அந்தக் கிளைக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சங்கக் கொடியைக் கையில் கொடுங்கள். பத்துப் பேர் ஏறி வருகிறார்களா, ஒருவர் மட்டும் வருகிறாரா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆனால் அதைக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். பாயசம் முடிந்ததும் பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருப்பார்கள்.